தரையில் கிடந்தவள் சொல்லும் சாட்சி

என்னைப் பற்றி ஒரு சாட்சி ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. கோத்தகிரியில் சொன்னார்கள், குன்னூரில் சொன்னார்கள், கூடலூர்ப் பக்கத்துச் செபக்கூட்டங்களிலும் சொன்னார்கள். அரவேணுப் பக்கத்து எஸ்டேட்டில் ரெஜினா என்று ஒரு சகோதரிக்கு இதயத்தில் வால்வு அடைத்திருந்ததாம். செபக்கூட்டத்தில் தூய ஆவி இறங்கி அவளைத் தரையில் சாய்த்ததாம். எழுந்தபோது வால்வு தானாகத் திறந்திருந்ததாம். கோயம்புத்தூர் டாக்டர்கள் வாயடைத்துப் போனார்களாம்.

பெயர் என்னுடையது. தரையில் விழுந்ததும் நான்தான். மற்றதெல்லாம் பொய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை.

எஸ்டேட்டில் நான் பிள்ளைக் காம்பரா பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பால் காய்ச்சுவது, தொட்டில் ஆட்டுவது, பொழுதுக்கும் பாடுவது, இதுதான் என் வேலை. என் கணவர் சூசை அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் இருந்தார். மகள் ஷீலா குன்னூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டின் முன்பக்கச் சுவரில் மாதா படம் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் முருகன் படம். அது செல்லம்மா அக்காவின் வீடு. சிலோன் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, இந்த மலையில் வேலைக்குச் சேர்ந்தவர்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. குன்னூர் ஏலத்தில் தூள் விலைபோகாமல் கிடக்கிறது என்றார்கள். ஃபேக்டரி சில நாள் ஓடியது, சில நாள் ஓடவில்லை. சூசையைப் போன்ற ஆண்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிகளைத் தேடி இறங்கினார்கள். எஸ்டேட்டில் முதலில் டிஸ்பென்சரியை மூடினார்கள். கம்பவுண்டர் தன் பெட்டியோடு பஸ் ஏறினார். அடுத்து பிள்ளைக் காம்பராவை மூடினார்கள். தாய்மார்கள் குழந்தைகளைச் சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கு விரித்துப் போட்டுவிட்டுக் கொழுந்து பறித்தார்கள். மழை வந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். என்னையும் கூடையோடு மேட்டுக்கு அனுப்பினார்கள்.

காம்பராவின் சமதரையில் பல வருடம் ஒளிந்திருந்த நோய் அந்த மேட்டில்தான் வெளியே வந்தது. நாலு பாத்தி ஏறினால் நெஞ்சு அடைத்தது. செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்துப் பாத்தியிலிருந்து செல்லம்மா அக்கா தன் சிலோன் பேச்சில் குரல் கொடுப்பார்.

"நில்லு புள்ள, மூச்சு எடு. மிச்சம் அவசரப்படாத. எலய எவனும் தூக்கிட்டுப் போயிட மாட்டான்."

படுத்தால் இருமல் வந்தது. தலையணையை இரண்டாக்கினேன், பிறகு மூன்றாக்கினேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க எஸ்டேட்டில் ஆள் இல்லை. டிஸ்பென்சரியை வாரத்தில் ஒரு நாளாவது திறக்கக் கூடாதா என்று கேட்க ஆபீசுக்குப் போனேன். அங்கே ஹெட் கிளார்க் எட்வின் இருந்தார். டிஸ்பென்சரியை மூடும் நோட்டீசையும் காம்பராவை மூடும் நோட்டீசையும் டைப் செய்து ஒட்டியவர் அவர்தான். எங்கள் கோவில் பங்கின் செபக்குழுத் தலைவரும் அவர்தான். எல்லோருக்கும் அவர் பிரதர் எட்வின்.

"கம்பெனி முடிவுங்க ரெஜினா, என் கையில ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை கூட்டத்துல உங்களுக்காக விசேஷமா செபிக்கிறோம், வாங்க" என்றார்.

செபக்கூட்டத்துக்கு நான் புதியவள் இல்லை. இந்தக் கூட்டங்களை நடத்தும் அருங்கொடை இயக்கம் எங்கள் மலைக்கு வந்த நாளிலிருந்து அதில் இருந்தவள். அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். சிறு வயதிலிருந்து பூசையில் சாமியார் சொல்வதற்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. இந்தக் கூட்டத்தில்தான் முதன்முதலாக என் சொந்த வார்த்தையில், சத்தமாக, கையை உயர்த்திக் கடவுளோடு பேசினேன். கொழுந்துக் கூடை தூக்கும் பெண்கள் மைக் பிடித்துச் செபித்தார்கள். கங்காணிக்கு முன்னால் நிமிர்ந்து பேசாதவர்கள் அங்கே பேசினார்கள். பரவசப் பேச்சு என்று ஒன்று உண்டு. எந்த மொழியிலும் சேராத சொற்கள் நாவில் தானாகப் புரளும். எனக்கு அது வந்த நாளில் ஒரு பாரம் இறங்கியது போல அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தேயிலை விழுந்த பிறகு கூட்டத்தின் குணம் மாறியது. ஹால் நிரம்பி வழிந்தது. வேலை போனவர்கள் வந்தார்கள், கடனில் இருந்தவர்கள் வந்தார்கள், மருந்துக்கு வழியில்லாதவர்கள் வந்தார்கள். எட்வின் பிரதர் கையை வைத்ததும் ஆட்கள் பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். 'ஆவியில் இளைப்பாறுதல்' என்று அதற்குப் பெயர். சாய்பவர்களைத் தாங்கிப் படுக்க வைக்கப் பின்னால் இரண்டு ஆண்கள் நிற்பார்கள். பெண்கள் விழுந்தால் மேலே ஒரு சால்வையைப் போர்த்துவார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு முதலில் தனியாகச் செபித்தார்கள். உள்மனக் காயம் ஆற்றும் செபம் என்று ஒன்று. கோவிலை ஒட்டிய சின்ன அறையில் எட்வின் பிரதரும் வயதான ஒரு சகோதரியும் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"யார் மேலயாவது கசப்பு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார்.

"இருக்குதுங்க. மேனேஜர் மேல. காம்பராவ மூடுனதுக்கு. கொழந்தைங்க மழையில கெடக்குறாங்க."

"அந்தக் கசப்புதாங்க உங்க மூச்ச அடைக்குது. மன்னிச்சுட்டேன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. மூச்சு தானா வரும்."

சொன்னேன். மூச்சு வரவில்லை.

"இன்னும் ஆழத்துல ஏதோ இருக்குதுங்க, தேடுங்க" என்றார். தேடினேன். செத்துப்போன மாமியாரை மன்னித்தேன். என்னை அடித்த வாத்தியாரை மன்னித்தேன். சூசை ஊரில் இல்லாததை மன்னித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்த ஒருத்தியை உட்கார வைத்து, உன் நெஞ்சில் கசப்பு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஷீலா என்னோடு வந்தாள். வழியில் நான் எங்காவது விழுந்துவிடுவேன் என்று செல்லம்மா அக்காவும் குடையோடு வந்தார். அவர் உள்ளே வரவில்லை. ஹால் வாசலில் குடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு தொடங்கியது. கீபோர்டு, தபேலா, கைத்தட்டல். எட்வின் பிரதர் மைக்கில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இங்கே நெஞ்சு அடைப்பால் துன்பப்படும் ஒரு சகோதரியை ஆண்டவர் இப்போது தொடுகிறார். முன்னால் வாருங்கள்." எல்லோருக்கும் அது நான்தான் என்று தெரியும். அவருக்கும் தெரியும். போனேன். நெற்றியில் கை வைத்தார். சுற்றிலும் அல்லேலூயா எழுந்தது. ஏற்கெனவே நெஞ்சு எக்குத்தப்பாக அடித்துக்கொண்டிருந்தது. கண் இருண்டது. விழுந்தேன். பிடித்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சால்வையைப் போர்த்தினார்கள்.

நினைவு போகவில்லை. அதுதான் கொடுமை. சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறியது தெரிந்தது. எல்லாம் காதில் விழுந்தது. மூச்சு மட்டும் உள்ளே இறங்கவில்லை. கிணற்றில் முங்கியவள் போல வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். பேச்சு வரவில்லை. என்னைத் தூக்குங்கள் என்று சொல்லக் கையால் தரையை அடித்தேன். அதையும் துதி என்று நினைத்தார்கள்.

"சகோதரி ஆவியில் இளைப்பாறுகிறார்! அல்லேலூயா!" என்றார் எட்வின் பிரதர். கூட்டம் திருப்பிச் சொன்னது.

ஷீலா ஓடி வந்தாள். ஒரு தொண்டர் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாத கண்ணு. ஆவியானவர் வேலை செய்யறாரு."

"அம்மாவுக்கு மூச்சு வரலைங்க, விடுங்க!"

"இப்படித்தான் இருக்கும். நீ குறுக்க வராத."

என் மகள் அழுதுகொண்டே வாசலுக்கு ஓடினாள். அடுத்து நான் பார்த்தது செல்லம்மா அக்காவின் சேறு படிந்த செருப்புக் கால்கள். அந்த ஹாலுக்குள் செருப்போடு யாரும் வருவதில்லை. அவர் வந்தார். சால்வையைப் பிடுங்கி எறிந்தார்.

"அடேய், உதடு நீலமாப் போச்சு, பாட்டா படிக்கிறீங்க? தள்ளுங்கடா!"

கக்கத்தில் கை கொடுத்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். உட்கார்ந்ததும் ஒரு இழை மூச்சு உள்ளே போனது. இருமினேன். ரோஸ் நிறத்தில் நுரை வந்து அவர் சேலையில் விழுந்தது. அப்போதுதான் பாட்டு நின்றது.

ஒரு டெம்போ டிரைவர் என்னை முன்சீட்டில் உட்கார வைத்தே குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எட்வின் பிரதர் வண்டியில் ஏறவில்லை. கூட்டம் முடியவில்லை அல்லவா.

குன்னூரில் முகத்தில் ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டார்கள். அந்த ஊசி நுரையீரலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும். இரண்டு மூன்று முறை சிறுநீர் போனபின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. டூட்டி டாக்டர் ஷீலாவிடம், "இவங்கள மல்லாக்கப் படுக்க வெச்சது யாருங்க?" என்று கேட்டார். செபக்கூட்டத்தில் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

மறுநாள் ஆம்புலன்சில் மலை இறங்கிக் கோயம்புத்தூர். அங்கே எக்கோ எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பது போலத்தான், நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை உருட்டுகிறார்கள். திரையில் இதயம் துடிப்பது தெரிகிறது. எடுத்த டாக்டரம்மாவுக்கு ஷீலாவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு மூட்டா வீங்குச்சுங்களாம்மா?"

வீங்கியது. லைன் வீட்டு ஈரத்தில் தொண்டைவலியும் காய்ச்சலும் வராத பிள்ளை யார்? முட்டி வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியால் சில பிள்ளைகளுக்கு மூட்டுக் காய்ச்சல் வரும். அது போகும்போது இதயத்தின் வால்வில் தழும்பு வைத்துவிட்டுப் போகும். வால்வு என்பது இதயத்தின் அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு. தழும்பு ஏற ஏறக் கதவு ஒட்டிக்கொண்டு முழுதாகத் திறக்காது. போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். மேடு ஏறினால் தேங்கும், மல்லாக்கப் படுத்தால் இன்னும் தேங்கும். என் கதவில் திறந்திருந்தது ஒரு சந்து மட்டும்தான்.

"அப்ப இது கசப்பால வர்றது இல்லைங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா ஷீலாவைப் பார்த்தார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குக் கண் பொங்கியது. துக்கமில்லை, ஆத்திரம். சின்ன வயதில் யாராவது குழாய் வைத்துப் பார்த்து, ஊசி போட்டிருந்தால் அந்தத் தழும்பு வளர்ந்திருக்காது. மேட்டில் நின்ற நாளில் டிஸ்பென்சரி திறந்திருந்தால் கம்பவுண்டருக்கே குழாயில் நெஞ்சின் கோளாறுச் சத்தம் கேட்டிருக்கும். இருந்ததையெல்லாம் மூடிவிட்டு, என்னை மன்னிக்கச் சொன்னார்கள்.

சூசை திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். வந்ததும் என் காலைப் பிடித்துப் பார்த்தார். வீங்கியிருந்த இடத்தில் விரல் வைத்தால் குழி விழுந்தது. வெளியே போய் நகம் வெட்டிக்கொண்டு வந்து காலை அமுக்கத் தொடங்கினார். எனக்கு உப்பில்லாச் சாப்பாடு என்றார்கள். அவரும் அதையே வாங்கிச் சாப்பிட்டார். "நல்லாத்தான இருக்குது" என்பார். நன்றாக இருக்காது. செல்லம்மா அக்கா தெரிந்த கண்டக்டரிடம் தூக்குப்பாத்திரம் கொடுத்தனுப்பினார், உப்பில்லாத புதினாத் துவையல். பணத்தின் கதையை எழுதப் போவதில்லை. எல்லா வீட்டிலும் அந்தக் கதை ஒன்றுதான்.

வார்டில் இருந்தபோது எட்வின் பிரதர் வந்தார். கூடவே நான்கு பேர், கையில் எண்ணெய்ப் புட்டி. படுக்கையைச் சுற்றி நின்று கையை உயர்த்தினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டி கண்ணை மூடிக் கிடந்தாள்.

"ரெஜினா, அன்னைக்கு நீங்க விழுந்தது ஆண்டவரோட செயலுங்க. அதனாலதான் நோய் வெளிய தெரிஞ்சுது. அதுக்கு நன்றி சொல்லுவோம். மனசுல எல்லாரையும் மன்னிச்சுட்டீங்கள்ல?"

"என்ன விழ விட்டவங்களயும் சேத்துங்களா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. தான் சொல்வதை அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் பயம். சூசை எழுந்து, "போயிட்டு வாங்க பிரதர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள்.

நெஞ்சை அறுக்காமல் பலூன் வைத்தே வால்வைத் திறக்கலாம் என்றார்கள். அதற்கு முன் வாய் வழியாக ஒரு குழாயை விழுங்க வைத்து இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தார்கள். ரத்தம் உறைந்து கட்டி ஏதும் இருந்தால் அது மூளைக்குப் போய்விடும் என்பதால் இந்தச் சோதனை. குமட்டிக் குமட்டிக் கண்ணீர் வந்தது. கட்டி இல்லை. மறுநாள் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை ஏற்றினார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். ஒட்டியிருந்த கதவுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதித் திறந்தார்கள். நெஞ்சுக்குள் ஒருமுறை இடறியது. "அவ்வளவுதாம்மா, நல்லாத் திறந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். முகமூடிக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை. அந்தக் கையை முத்தமிட வேண்டும் போலிருந்தது.

வார்டுக்குத் திரும்பி, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுத்தேன். மூச்சு வந்தது. நான் தூங்கும்வரை சூசை என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும், அந்தக் காய்ச்சல் மறுபடி வந்து வால்வைத் தின்னாமல் இருக்க. "வலிக்கும்மா, விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்த சில நாளில் எட்வின் பிரதர் மறுபடி வந்தார். குன்னூரில் ஒரு நாள் தியானம், பெரிய கூட்டம், நான் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். என்னால் முடிந்தவரை நான் எதிர்த்துவிட்டேன், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் வாய் திறக்காவிட்டாலும் சாட்சி நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பரிசோதனைக்காக ஷீலாவோடு கோயம்புத்தூர் போனபோதுதான் தெரிந்தது. வெளிநோயாளிகள் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுமதி என்று பெயர். நடுவட்டத்தில் பஸ் நிற்கும் இடத்தில் மாமியாரோடு டீக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் என்னுடைய நோய்தான், ஆரம்ப நிலையில். பேச்சுவாக்கில் ஊசி பற்றிக் கேட்டேன்.

"அத நிறுத்திட்டேங்கக்கா" என்றாள்.

"ஏனுங்க?"

"நாங்க முருகன் கும்புடறவங்கதான். ஆனாலும் கூடலூர்ப் பக்கம் ஒரு செபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அரவேணுப் பக்கம் ஒரு பொம்பளைக்கு இதே வால்வாமாக்கா. செபத்துல கீழ விழுந்து எந்திரிச்சதும் தானாத் திறந்துடுச்சாம். நம்பிக்க இருக்கறவங்களுக்கு ஊசி எதுக்குன்னு சொன்னாங்க. அந்த ஊசி உசுரு போற வலிங்கக்கா. இன்னைக்கு வந்ததும் வால்வு திறந்திருக்குதான்னு பாத்துட்டுப் போகத்தான்."

சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"அந்தப் பொம்பள நான்தாம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். பலூன் வைத்துத் திறந்தது என்று ஷீலாவைப் படித்துக் காட்டச் சொன்னேன். சுமதி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்க சொன்னது வேற யாரோவா இருக்கும்" என்றாள். டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே எட்வின் பிரதருக்குச் சொல்லியனுப்பினேன், மேடைக்கு வருகிறேன் என்று.

குன்னூர் ஹாலில் உட்கார இடமில்லை. பெயர் சொல்லி அழைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. மைக்கைப் பிடித்தேன். "நான் ஆவியில் இளைப்பாறவில்லை, மூச்சடைத்துக் கிடந்தேன்" என்று தொடங்கினேன். தரையை அடித்ததைச் சொன்னேன். மகளைத் தடுத்ததைச் சொன்னேன். டிஸ்பென்சரி நோட்டீசைச் சொன்னேன். பலூனைச் சொல்லத் தொடங்கியபோது மைக் செத்தது. எட்வின் பிரதர் கையை அசைத்தார். கீபோர்டு எழுந்தது, துதிப்பாடல் தொடங்கியது. கூட்டம் குழம்பிப்போய்ப் பாடியது.

நான் இறங்கவில்லை. பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன். இன்னொன்று தொடங்கினார்கள். அதற்கும் நின்றேன். அதன்பின் பாடிக்கொண்டிருந்தவர்களே ஒவ்வொருவராக நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். மைக் இல்லாமல் சொன்னேன்.

"பலூன் வெச்சுத்தான் திறந்தாங்க. இப்பவும் மாத்திர சாப்பிடறேன், ஊசி போடறேன். என் பேரச் சொல்லி யாராவது உங்க மருந்த நிறுத்தச் சொன்னா, அது பொய். நம்பாதீங்க."

"சாத்தான் பேசறான்!" என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. எட்வின் பிரதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுவரை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் பங்குச்சாமியார் எழுந்து வந்தார். மைக் அவருக்கு மட்டும் உயிர் பெற்றது. "மருந்தை நிறுத்தச் சொல்வது இயக்கத்தின் போதனை அல்ல. யாரும் நிறுத்த வேண்டாம்" என்றார். இரண்டே வாக்கியம். அது அவருக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரியும். கூட்டம் நிரம்புகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது அதை அவரிடமே கேட்டேன். "நிதானமாப் பேசலாம்மா" என்றார். நிதானமாகப் பேச நான் அன்றைக்குத் தரையில் செத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் நடுவட்டத்துக்குப் பஸ் ஏறினேன். சூசை கூட வந்தார். டீக்கடை வாசலில் சுமதி பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். முகம் வெளுத்து, எழுந்த வேகத்துக்கே மூச்சு வாங்கியது. மாமியார் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நான் தரையில் கிடந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். டீ ஆறிப்போனது. மாமியார் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் சுமதியைப் பார்த்து, "ஊட்டிக்குக் கெளம்பு. கடைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஊட்டி அரசு ஆஸ்பத்திரியில் ஊசி அறைக்கு வெளியே காத்திருந்தோம். முதலில் கையில் சோதனை ஊசி போட்டு, ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க உட்கார வைத்தார்கள். சுமதி கையில் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்.

"அப்ப உங்க சாமி உங்களுக்கு ஒண்ணுமே செய்யலீங்களாக்கா?"

இந்தக் கேள்விக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை.

"அது எனக்கும் அவருக்கும் உள்ள பஞ்சாயத்து. நீ போய் ஊசியப் போட்டுட்டு வா" என்றேன்.

நர்ஸ் கூப்பிட்டாள். சுமதி உள்ளே போனாள். கதவுக்கு அப்பால் "அய்யோ அம்மா" என்று அவள் கத்தியது வராந்தா முழுவதும் கேட்டது. சூசை பதறி எழுந்தார்.

"உக்காருங்க" என்றேன். "மருந்து இறங்குது."